இன்ஜின் வேலைக்குப் பிறகு ஐடிலிங் தகராறு: டர்போ கார் வைத்திருப்பவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

ஹெட் இறக்கி ஏற்றியாயிற்று. அல்லது டைமிங் செயின், டர்போ, இன்டேக் மேனிஃபோல்டு என்று ஏதோ ஒரு பெரிய வேலை முடிந்து வண்டி கைக்கு வந்துவிட்டது. ஓடும்போது நன்றாகத்தான் இழுக்கிறது. கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நின்றால் மட்டும், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் ஐடிலிங்கில் மட்டும், ரேஸ் (இன்ஜின் சுற்றும் வேகம்) தானாக ஏறி இறங்குகிறது, ஸ்டியரிங் நடுங்குகிறது, ஏசி போட்டால் ஆஃப் ஆகிறது. ஷெட்டில் கேட்டால் "ரெண்டு நாள் ஓட்டுங்க, செட் ஆயிடும்" என்கிறார்கள். ரெண்டு நாள் கழித்துப் போனால் "சென்சார் போயிருக்கும், மாத்திப் பாக்கலாம்" என்கிறார்கள். செலவு ஏற ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான்.

வேலைக்கு முன் இல்லாத கோளாறு, வேலையில் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். ஒரு ஹோஸ், ஒரு கிளிப், ஒரு ஓ-ரிங், இடம் மாறிய ஒரு கனெக்டர், சொல்லிக்கொடுக்காமல் விட்ட ஒரு த்ராட்டில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் வால்வ்). அதனால் எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் கீழே உள்ள வரிசையில் பாருங்கள். பெட்ரோல் டர்போவை மனதில் வைத்து எழுதியது இது. டீசலுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

1. முதலில் காகிதம், பிறகு ஸ்பேனர்

வேலை பார்த்த பில்லை எடுத்து வையுங்கள். அதில் எந்தெந்தப் பாகம் கழற்றப்பட்டது, எது புதிது, எது பழையதே திரும்பப் போடப்பட்டது என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பில்லில் "இன்ஜின் ஒர்க்" என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் மெக்கானிக்கிடம் உட்கார்ந்து கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளலாம். மேனிஃபோல்டு கேஸ்கெட் புதுசா, இன்ஜெக்டர் ஓ-ரிங் புதுசா, டர்போ கேஸ்கெட் புதுசா என்ற மூன்று கேள்வியும் முக்கியம். பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய பிளக்கைப் பார்த்தாலே எந்த சிலிண்டர் எப்படி எரிந்தது என்பது தெரியும்.

இன்னொன்று, இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பதிந்து வைத்திருக்கும் எரர் கோடு எண்ணை யாரும் ஸ்கேனரில் அழிக்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். "அண்ணா, அழிக்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்று சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. கோடுடன் சேர்ந்து பதிவாகும் ஃப்ரீஸ் ஃப்ரேமில் அந்த நேரத்து ஆர்.பி.எம்., கூலன்ட் சூடு, லோடு எல்லாம் இருக்கும். அழித்துவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும். மறுபடி அதே கோடு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்ஜின் பிளாக்கையே மாற்றியிருந்தால் வேறொரு வேலையும் உண்டு. புதிய இன்ஜின் எண் ஆர்.சி.யில் ஏற வேண்டும். டிஎன் 29 என்றால் தருமபுரி, டிஎன் 24 என்றால் கிருஷ்ணகிரி, டிஎன் 70 என்றால் ஓசூர் ஆர்.டி.ஓ. அலுவலகம். இன்ஜின் வாங்கிய பில் இல்லாமல் அங்கே வேலை நடக்காது. அதை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். இன்சூரன்ஸ் கிளைம், விற்பனை எல்லாவற்றிலும் பிற்பாடு இது மாட்டும்.

2. எந்த வகை ஐடிலிங் தகராறு என்று பிரியுங்கள்

"ஐடிலிங் சரியில்லை" என்பதற்குள் நான்கு வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ரேஸ் 1200, 1500 என்று மேலேயே நிற்பது ஒன்று. ஏறி இறங்குவது இன்னொன்று. குறைந்து குறைந்து ஆஃப் ஆவது மூன்றாவது. ஆர்.பி.எம். ஓரளவு சரியாக இருந்தும் மிஸ்ஸிங் (மிஸ்ஃபயர், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விடுவது) அடித்து நடுங்குவது நான்காவது. சூடான இன்ஜினில், ஏசி, லைட் எல்லாம் ஆஃப் செய்த நிலையில் பெரும்பாலான பெட்ரோல் டர்போ கார்கள் 700 முதல் 900 ஆர்.பி.எம்.முக்குள் நிற்கும். காலையில் குளிர்ந்த இன்ஜின் 1100, 1200 என்று தொடங்கி மெல்ல இறங்குவது கோளாறு அல்ல.

இந்த நான்கிலும் சேராத ஐந்தாவது ஒன்று உண்டு: வண்டி நடுங்கும், ஆனால் இன்ஜினில் ஒன்றும் இருக்காது. இன்ஜினை இறக்கி ஏற்றும்போது மவுண்ட்டை முறுக்கிய நிலையிலேயே போல்ட் போட்டு இறுக்கினால் இப்படி ஆகும். ஸ்கேனரில் ஆர்.பி.எம். நிலையாக இருந்து, மிஸ்ஃபயர் எண்ணிக்கையும் பூஜ்யமாக இருந்தால் மவுண்ட்டைப் பாருங்கள். போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, இன்ஜினை ஓடவிட்டு, தானாக அமர்ந்த பிறகு புத்தகம் சொல்லும் டார்க்கில் இறுக்கினால் போதும். மூன்று சிலிண்டர் வண்டிகளில் கொஞ்சம் நடுக்கம் பிறவியிலேயே உண்டு. வேலைக்கு முன் எப்படி இருந்தது என்பதுதான் அளவுகோல்.

செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலென்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்கிவிடும். அது பல ஆயிரங்களில் போகும் பாகம். "செட் ஆயிடும்" என்ற பேச்சு மிஸ்ஸிங்குக்குப் பொருந்தவே பொருந்தாது.

3. பேட்டரியும் எர்த்தும்: பத்து நிமிட வேலை

மல்டிமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். இன்ஜின் ஆஃப், சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அருகே இருக்க வேண்டும். ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை. அடுத்து எர்த் ஸ்ட்ராப். இன்ஜின் இறங்கி ஏறிய வண்டியில் இதை மாட்ட மறப்பதும், பெயின்ட் மேலேயே வைத்து இறுக்குவதும் நிறைய நடக்கிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டு, இன்ஜின் ஓடும்போது பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எர்த் கெட்டால் சென்சார்கள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பொய் சொல்லும். அதை நம்பி ஒவ்வொரு சென்சாராக மாற்றிக்கொண்டே போவார்கள்.

4. கனெக்டர்கள் இடம் மாறியிருக்கின்றனவா

இன்டேக் கேம் சென்சாரும் எக்ஸாஸ்ட் கேம் சென்சாரும் பல இன்ஜின்களில் ஒரே அச்சு. வால்வ் டைமிங் சோலினாய்டுகளும் அப்படித்தான். வயர் நீளம் எட்டினால் மாற்றி மாட்டிவிட முடியும். இன்ஜின் ஓடும், ஆனால் ஐடிலிங் அலையும், பி0010 முதல் பி0017 வரையுள்ள கோடுகளில் ஏதாவது ஒன்று வரும். வயரின் நிறத்தை சர்க்யூட் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊகத்தில் மாற்றி மாட்டிப் பார்க்க வேண்டாம்.

மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டர்கள், பர்ஜ் வால்வ் (பெட்ரோல் டேங்க் ஆவியை இன்ஜினுக்குள் விடும் வால்வ்) கனெக்டர், மேப் சென்சார் (மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளப்பது) கனெக்டர் ஆகியவற்றைக் கையால் தொட்டு, "டக்" என்று லாக் விழுகிறதா என்று அழுத்திப் பாருங்கள். பழைய பிளாஸ்டிக் லாக் கழற்றும்போது உடைந்திருக்கும். கனெக்டர் உட்கார்ந்தது போலவே தெரியும், அதிர்வில் விட்டுவிட்டுத் தொடும்.

5. ஸ்கேனரில் பார்க்க வேண்டியது கோடு மட்டும் அல்ல

போனோடு சேரும் ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் சில நூறு ரூபாய் முதல் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரைக்குள் கிடைக்கிறது. லைவ் டேட்டா பார்க்க அது போதும். த்ராட்டில் அடாப்டேஷன் (த்ராட்டிலின் புது நிலையை இசியூவுக்குச் சொல்லிக்கொடுப்பது), இன்ஜெக்டர் கோடிங் செய்ய மட்டும் ஷெட்டில் உள்ள பெரிய ஸ்கேனர் வேண்டும்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மேப் சென்சார் அளவைப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது அது காட்ட வேண்டியது ஊரின் காற்றழுத்தம். சென்னையில் 101 கிலோபாஸ்கல் காட்டும் வண்டி, உயரத்தில் இருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரியில் 95, 96 காட்டும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம் என்பதால் அங்கே 91 அருகே. டர்போ வண்டியில் பெரும்பாலும் த்ராட்டிலுக்கு முன் ஒரு பூஸ்ட் (டர்போ அழுத்தித் தரும் காற்று) பிரஷர் சென்சாரும் இருக்கும். இரண்டும் இந்த நிலையில் ஒன்றுக்கொன்று 2 கிலோபாஸ்கலுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் 85 காட்டினால் அந்த சென்சாரையோ அதன் வயரையோ சந்தேகிக்கலாம். இரண்டும் 95 காட்டுவதைப் பார்த்துவிட்டு, "புத்தகத்தில் 101 என்று போட்டிருக்கிறதே" என்று புது சென்சார் வாங்கிவிடாதீர்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்து, இன்ஜினை முழுதாகச் சூடாக்குங்கள். ஐடிலில் மேப் அளவு பெரும்பாலும் 30 முதல் 40 கிலோபாஸ்கலுக்குள் இருக்கும். இசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டுவது ஃப்யூவல் ட்ரிம். ஷார்ட் டர்ம், லாங் டர்ம் என்ற இரண்டு ட்ரிம்களையும் கூட்டிப் பாருங்கள். ஐடிலில் ஒருமுறை, 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்து ஒருமுறை. இந்த நான்கைந்து எண்களில் பாதி விடை இருக்கிறது.

ஐடிலில் கூட்டல் 15, 20 என்று ஏறி, 2500-இல் 3, 4 ஆகக் குறைந்தால் கணக்கில் வராத காற்று எங்கோ உள்ளே போகிறது. ரேஸ் கூடக்கூட ட்ரிம்மும் கூடினால் பெட்ரோல் சப்ளை பற்றவில்லை, அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் குறைத்துச் சொல்கிறது. ஐடிலில் கழித்தல் 15 என்றால் பெட்ரோல் எங்கிருந்தோ கூடுதலாக வருகிறது. மூடாத பர்ஜ் வால்வ், ஒழுகும் இன்ஜெக்டர், பெட்ரோல் கலந்த ஆயில் ஆகியவை அதற்குக் காரணமாகலாம். ட்ரிம் இரண்டும் சரியாக இருந்து இன்ஜின் மட்டும் நடுங்கினால் பிளக், காயில், கம்ப்ரஷன், டைமிங் பக்கம் போக வேண்டும்.

எல்லோரும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டியில் ஏர் ஃப்ளோ சென்சார் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டிய குழாயில் வயரோடு ஒரு சென்சார் செருகியிருந்தால் உண்டு. அப்படி இல்லாத, மேப் சென்சாரை மட்டும் நம்பும் வண்டியில், மேனிஃபோல்டில் காற்று ஒழுகினால் அழுத்தம் ஏறும். இசியூ அதை நிஜமான காற்றாகவே எடுத்துக்கொண்டு அதற்குத் தக்க பெட்ரோலையும் ஊற்றும். எனவே ட்ரிம் நல்ல பிள்ளையாக 2, 3 காட்டும், ரேஸ் மட்டும் மேலே நிற்கும். பி0507 கோடு வரும். ட்ரிம் சரியாக இருக்கிறது, அதனால் ஒழுகல் இல்லை என்று இந்த வண்டிகளில் முடிவுகட்டக் கூடாது.

இன்னொரு சிறு கணக்கு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 10 சதவீதத்துக்கு ட்யூன் செய்யப்பட்ட பழைய வண்டியில் இதனால் மட்டுமே ட்ரிம் 4 சதவீதம் போல மேலே போகும். ஐடிலிலும் 2500-இலும் ஒரே மாதிரி 4, 5 காட்டினால் அதைத் துரத்த வேண்டியதில்லை.

6. காற்று ஒழுகல்: நேரம் முழுக்க இங்கே செலவழியுங்கள்

சாதாரண இன்ஜினைவிட டர்போவில் காற்று போகும் பாதை நீளம். ஃபில்டரிலிருந்து டர்போ, அங்கிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து த்ராட்டில், அதன் பிறகு மேனிஃபோல்டு. த்ராட்டிலுக்குப் பின்னால் ஐடிலில் வெற்றிடம், முன்னால் ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம். எனவே இன்டர்கூலர் ஹோஸ் கழன்றிருந்தால் ஐடிலில் பெரிதாகத் தெரியாமல் போகலாம், இழுக்கும்போதுதான் "புஸ்" என்று சத்தமும் சக்திக் குறைவும் வரும். ஐடிலிங் கெடுவதற்குக் காரணமான ஒழுகல் பெரும்பாலும் த்ராட்டிலுக்குப் பின்னால்தான்.

இந்த வரிசையில் பாருங்கள். ஆயில் மூடி, டிப்ஸ்டிக் இரண்டும் முழுதாக உட்கார்ந்திருக்கின்றனவா? இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் காற்று ஐடிலில் மேனிஃபோல்டுக்குத்தான் போகிறது. எனவே டிப்ஸ்டிக் அரை அங்குலம் தூக்கி நின்றாலும் அது ஒரு காற்று ஒழுகல்தான். அடுத்து, அந்தக் காற்றை அளவாக விடும் பிசிவி வால்வ். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் லேசாக உறிஞ்சுவது இயல்பு. மூடியை எடுக்கவே முடியாமல் பலமாக இழுத்து, விசில் சத்தம் வந்தால் பிசிவி டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதே வால்வில் ஒருவழித் தடுப்பும் உண்டு. அது கெட்டால் பூஸ்ட் காற்று கிராங்க்கேஸுக்குள் புகுந்து ஆயில் சீல்களைத் தள்ளும்.

பிரேக் பூஸ்டர் ஹோஸ்: ஐடிலில் பிரேக்கை மிதிக்கும்போது ரேஸ் மாறுகிறதா, "ஸ்ஸ்" கேட்கிறதா என்று பாருங்கள். பர்ஜ் வால்வ் ஹோஸ்: மேனிஃபோல்டுக்குப் போகும் குழாயை வால்வ் பக்கத்தில் விரலால் நசுக்கினால் ஐடிலிங் சரியானால் வால்வ் மூடவில்லை. போர்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் இன்ஜெக்டரின் கீழ் ஓ-ரிங்: மேனிஃபோல்டு இறங்கி ஏறிய வண்டிகளில் இது மடிந்து கிழிந்திருப்பது அடிக்கடி நடக்கும். புது ஓ-ரிங்கில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி நேராக அழுத்த வேண்டும், திருகக் கூடாது. டைவர்ட்டர் வால்வுக்கு (கால் எடுத்ததும் மிஞ்சும் பூஸ்ட் காற்றைத் திருப்பிவிடுவது) போகும் மெல்லிய குழாயும் மறந்துபோகும் இடம். காற்றை வெளியே விடும் புளோ ஆஃப் வால்வை யாராவது மாட்டியிருந்தால், ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டி சிக்னலுக்கு வந்து கால் எடுத்ததும் ஆஃப் ஆகும். எண்ணிய காற்று வெளியே போய்விட்டது, அதற்கான பெட்ரோல் மட்டும் உள்ளே வருகிறது. பழைய வால்வையே திரும்பப் போடுங்கள்.

கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கும் பழக்கத்தை டர்போ வண்டியில் விடுங்கள். சிவக்கச் சூடாகும் டர்போ பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடிக்கும். ஸ்மோக் மெஷின் இருக்கும் ஷெட் கிடைத்தால் அதுதான் நல்லது. நம் பக்கம் எல்லா ஷெட்டிலும் அது இருக்காது. ஓசூரிலோ சேலத்திலோ விசாரித்துப் போகலாம். இல்லையென்றால் கையிலேயே செய்யலாம்: டர்போவுக்குள் போகும் ரப்பர் குழாயின் வாய்க்குப் பொருந்தும் பிவிசி எண்ட் கேப் ஒன்று ஹார்டுவேர் கடையில் வாங்குங்கள். நடுவில் துளை போட்டு, பஞ்சர் கடையில் கிடைக்கும் டியூப்லெஸ் வால்வை அதில் மாட்டுங்கள். கேப்பை ரப்பர் குழாயில் செருகி கிளிப்பால் இறுக்கி, ரெகுலேட்டர் வழியாக 5 பி.எஸ்.ஐ. காற்று விடுங்கள். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் தெளியுங்கள். நுரை பொங்கும் இடம் ஒழுகும் இடம். த்ராட்டில் மூடியே இருக்கும் என்பதால் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் ஏற சற்று நேரம் பிடிக்கும். அவசரப்பட வேண்டாம்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. பஞ்சர் கடை கம்ப்ரஸரை நேரடியாக மாட்டாதீர்கள். அதில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும், ஹோஸ் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும், சென்சாரும் போகும். 10-ஐத் தாண்ட வேண்டியதே இல்லை. இரண்டாவது, எல்லாச் சத்தமும் ஒழுகல் அல்ல. திறந்திருக்கும் வால்வுகள் வழியாகக் காற்று சைலென்சரில் கொஞ்சம் வருவது சகஜம். ஆயில் மூடியைத் திறந்தால் அங்கே காற்று பலமாக வந்தால் பிசிவி தடுப்பை மறுபடி பாருங்கள்.

ஹோஸைத் திரும்ப மாட்டும்போது உட்புறத்தில் படிந்த ஆயிலைத் துணியால் துடையுங்கள். ஆயில் பிசுக்கு இருந்தால் கிளிப் எவ்வளவு இறுக்கினாலும் பூஸ்டில் வழுக்கிக் கழன்றுவிடும்.

7. ஒழுகல் போலவே நடிக்கும் எக்ஸாஸ்ட்

டர்போ வேலை, ஹெட் வேலை இரண்டிலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கழன்றிருக்கும். கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டாலோ ஒரு ஸ்டட் முறிந்திருந்தாலோ, ஐடிலில் புகையின் ஒவ்வொரு துடிப்புக்கு நடுவிலும் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். பக்கத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் "காற்று அதிகம்" என்று சொல்லும், இசியூ பெட்ரோலைக் கூட்டும். ட்ரிம் ஐடிலில் ஏறி, ரேஸில் இறங்கும். மேலே சொன்ன இன்டேக் ஒழுகலுக்கும் இதுவே அடையாளம் என்பதால் மாதக்கணக்கில் தவறான பக்கத்தில் தேடுவார்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து முதல் ஒரு நிமிடம் கேளுங்கள். "டிக் டிக் டிக்" என்று வந்து சூடானதும் குறைந்தால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட். கேஸ்கெட் ஓரத்தில் கருப்புப் புகைக்கோடும் படிந்திருக்கும்.

புகைப் பரிசோதனை மையத்தின் மெஷினும் கோளாறைப் பிரித்தறிய உதவும். சர்டிஃபிகேட்டோடு எண்களையும் கேட்டு வாங்குங்கள். பிஎஸ்-4, அதற்குப் பிந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்ஸைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் என்பது உச்சம். ஹைட்ரோகார்பன் எகிறி, கார்பன் மோனாக்ஸைடு குறைவாக இருந்தால் மிஸ்ஃபயர். கார்பன் மோனாக்ஸைடே கூடியிருந்தால் பெட்ரோல் அதிகம்.

8. த்ராட்டில் அடாப்டேஷன்

கார்பன் படிந்த த்ராட்டிலோடு பழகிய இசியூ, அதன் தட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைக்கக் கற்றிருக்கும். வேலையின்போது அதைச் சுத்தம் செய்ததும் அதே திறப்பில் காற்று அதிகமாகப் போகும், ரேஸ் ஏறும். பேட்டரி கழற்றப்பட்ட வண்டியில் கற்றது எல்லாம் அழிந்து ரேஸ் அலையலாம். "செட் ஆயிடும்" என்பது உண்மையாகும் ஒரே இடம் இதுதான். அதுவும் ஸ்கேனரில் அடாப்டேஷன் செய்தால் சில நிமிடத்தில் முடியும்.

பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். சாவி ஆன், இன்ஜின் ஆஃப், ஆக்ஸிலேட்டரைத் தொடக் கூடாது. முடிந்ததும் ஸ்டார்ட் செய்து, எல்லா லோடும் ஆஃபில் பத்து நிமிடம், ஏசி போட்டு ஐந்து நிமிடம், ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை மிதித்தபடி டி-யில் ஐந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். காற்று ஒழுகலைச் சரிசெய்யாமல் அடாப்டேஷன் செய்தால் பயனில்லை, தப்பையே கற்றுக்கொள்ளும். சாவி ஆனில் இருக்கும்போது தட்டைக் கையால் தள்ளவும் கூடாது. உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம்.

9. பிளக், காயில், பெட்ரோல்

பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, அப்படியே எண்ணிக்கொள்ளுங்கள். அந்த சிலிண்டரின் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் காயில். போகாவிட்டால் பிளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள். இலவச சோதனை இது, கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது. டர்போ வண்டிகளில் பிளக் இடைவெளி பொதுவாக 0.7, 0.8 மில்லிமீட்டர்தான். சாதாரண வண்டியின் பிளக்கைக் கொடுத்துவிட்டால் பூஸ்டில் விட்டுவிட்டு அடிக்கும். சாக்கெட் சாய்ந்து பீங்கானில் முடி போன்ற விரிசல் விழுந்திருந்தாலும் மிஸ் ஆகும். வெயிலில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள்.

வேலை முடிந்து நிறைய நேரம் செல்ஃப் அடித்த வண்டியில் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் தெரியும். அந்த ஆவி பிசிவி வழியே வந்து ஐடிலில் ட்ரிம்மைக் கழித்தலுக்கு இழுக்கும். ஆயில் மாற்றினால் தீரும்.

டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் ஹை பிரஷர் பைப்பைக் கையால் தளர்த்தவே வேண்டாம். ஐடிலிலேயே பல பத்து பார் அழுத்தம் இருக்கும், தோலைத் துளைக்கும். பல கம்பெனிகள் அந்தப் பைப்பைக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும் என்று சொல்கின்றன. பில்லில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

10. டைமிங், கம்ப்ரஷன்

இதுவரை ஒன்றும் அகப்படாமல், ஒழுகலும் இல்லாமல், ஐடிலில் மேப் 45, 55 என்று நின்றால் டைமிங் ஒரு பல் தப்பியிருக்கலாம். பி0016, பி0017 அதற்கான கோடுகள். கம்ப்ரஷன் பார்க்கும்போது ஃப்யூவல் பம்ப் ஃப்யூஸ், காயில் கனெக்டர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, த்ராட்டில் முழுதாகத் திறந்த நிலையில் பாருங்கள். எல்லா சிலிண்டரும் சமமாகக் குறைந்தால் டைமிங். ஒன்று மட்டும் குறைந்தால் வால்வ், கேஸ்கெட் அல்லது ரிங். இந்தப் படிக்கு வந்துவிட்டால் நீங்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடலாம். வேலை செய்தவரின் பொறுப்பு இது. எண்களை எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

கூலன்ட்டில் ஏர் லாக் இருந்தாலும் ஐடிலிங் கெடும். டெம்பரேச்சர் சென்சார் தண்ணீருக்குப் பதில் காற்றில் நின்றால் தப்பான சூட்டைச் சொல்லும். ஏர் எடுத்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட்டையே ஊற்றுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்கு ஆகாது.

11. டீசல் என்றால்

டீசல் லைனில் காற்று புகுந்தால் ஸ்டார்ட் ஆகி ஆஃப் ஆகும், ரேஸ் ஆடும். ஃபில்டர் பக்கத்து ஹேண்ட் பம்ப் இருந்தால் இறுகும்வரை அடியுங்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றி மாட்டியிருந்தால் ஒவ்வொன்றின் தலையில் உள்ள கோடு எண்ணும் அந்தந்த சிலிண்டருக்கு இசியூவில் ஏறியிருக்கிறதா என்று ஸ்கேனரில் ஒப்பிடுங்கள். இரண்டு இன்ஜெக்டர் இடம் மாறினாலே ஐடிலில் தட்டும். அடியில் உள்ள செப்பு வாஷர் ஒவ்வொரு முறையும் புதிதுதான். புகையின் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வ் மூடாவிட்டாலும் ஐடிலைக் கெடுக்கும், கருப்புப் புகை கூடவே வரும்.

12. நேரம், செலவு, டெஸ்ட் டிரைவ்

3 முதல் 6 வரையிலான படிகளுக்கு ஒரு சனிக்கிழமை போதும். சாமான் செலவு அடாப்டர், பிவிசி கேப், கிளிப், ஓ-ரிங் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மேனிஃபோல்டு, டர்போ கேஸ்கெட் போன்றவை உள்ளூரில் இல்லாவிட்டால் சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வர வேண்டும். எனவே வண்டியைப் பிரிப்பதற்கு முன் சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஆர்டர் போட்டுவிடுங்கள். பிரித்துப்போட்ட வண்டி ஷெட்டில் நின்றால் போல்ட் தொலையும்.

டெஸ்ட் டிரைவுக்கு தொப்பூர் கணவாய்ப் பக்கம் போக வேண்டாம். இறக்கத்தில் இன்ஜின் ஆஃப் ஆனால் பிரேக் பூஸ்டரில் இரண்டொரு மிதிக்குத்தான் வெற்றிடம் மிஞ்சும், ஸ்டியரிங்கும் கனமாகிவிடும். கீழே இறங்கும் லாரிகளுக்கு நடுவில் அது உயிர் ஆபத்து. ஊருக்குள்ளேயே, சமமான சாலையில், இருபது கிலோமீட்டர் நின்று நின்று ஓட்டுங்கள். ஏசி போட்டும் போடாமலும், ஹெட்லைட் போட்டும், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பியும் ஐடிலிங்கைப் பாருங்கள். மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினில் ஒருமுறை. அதன் பிறகு ஸ்கேனரை மாட்டி, பெண்டிங் கோடு ஏதும் இல்லை, ட்ரிம் 5-க்குள் வந்துவிட்டது என்று தெரிந்தால் அந்தத் திரையையும் ஒரு படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள்.